வெடிப்பின் குறுக்கே ஒரு செருப்பு

அன்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்றவர்கள்: இன்ஸ்பெக்டர் ஒருவர். கான்ஸ்டபிள்மார் நான்கு பேர். போலீஸ் நாய் ஒன்று. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஆறாம் நம்பர் வீட்டுச் செல்லம்மா அக்கா. அவருடைய கோழி. நான். கடைசியாக, குடையை மடக்கிக்கொண்டே ஏறி வந்த கொமினிகேஷன் அக்கா.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். "பிபிரீம கோ?" குண்டு வெடித்த இடம் எங்கே என்று அர்த்தம்.

செல்லம்மா அக்கா நிலத்தைக் காட்டினார். "இந்தா இருக்குங்க ஐயா."

நிலம் பிளந்திருந்தது. இரண்டு விரல் அகலம். கொய்யா மரத்தடியில் தொடங்கி, லயத்தின் பின்சுவருக்கு நேராக, பதினைந்து அடி போயிற்று. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நாயும் பார்த்தது. பிறகு நாய் கோழியைப் பார்த்தது. அதற்கப்புறம் வேறு எதையும் பார்க்கவில்லை.

கொமினிகேஷன் அக்கா இன்டர்நெட்டில் தான் எழுதும் புளொக்கில் 'லயத்தின் பின்னால் வெடிப்பு' என்று எழுதியிருந்தார். கண்டியில் யாரோ அதைப் போனில் போட்டுச் சிங்களத்துக்கு மாற்றிப் படித்திருக்கிறார். எந்த வெடிப்பு என்று போனுக்குத் தெரியுமா? குண்டு என்று நினைத்துவிட்டது. அவர் பயந்துபோய்ப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

அந்தப் பதிவுக்கு அக்கா படம் போடவில்லை. அன்று மழை. போனை வெளியே எடுக்க முடியவில்லை. எழுதினால் போதும் என்று விட்டுவிட்டார்.

அக்கா இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிழை என்னுது தம்பி. படம் போட்டிருந்தா நாய் வந்திருக்காது."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அக்காவின் கொப்பியை வாங்கி, நிலம் வெடிப்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எழுதிக் கொடுத்தார். தன் போன் நம்பரையும் எழுதினார். படம் போட்டால் எனக்கும் அனுப்புங்கள் என்றார். கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"இது பழைய வெடிப்பு சேர். எங்க அப்பா காலத்துல இருந்து இப்படியே தான் கெடக்கு."

லயத்தில் பன்னிரண்டு வீடு. பின்னால் மலை. ஆட்கள் ஐம்பத்தொன்று. நானும் என் மனைவியும் மகளும் அதில் மூன்று.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் தன் புளொக்கிலேயே பெயர் போடவில்லை. கலஹா டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சின்னக் கடை வைத்திருந்தார். போட்டோகொப்பி, விண்ணப்பம் நிரப்புவது, போன் கார்ட். அப்படியான கடையை இங்கே கொமினிகேஷன் என்று சொல்வோம். அவரும் கொமினிகேஷன் அக்கா ஆகிவிட்டார். என் ஆட்டோ அந்தக் கடைக்கு முன்னால் தான் நிற்கும். எங்கே போக வேண்டுமானாலும் என்னைத் தான் கூப்பிடுவார்.

புளொக் என்றால் என்ன என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. "உங்க தோட்டத்தைப் பத்தி ஒரு புளொக் போடப்போறேன்" என்று அக்கா முதல் முறை சொன்னபோது, செல்லம்மா அக்கா சுவர் கட்ட புளொக் கல்லு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து என்னிடம் கேட்டார்.

"ஏன்டா, அந்தம்மா கல்லு போடுறேன்னாளே, லொறி எப்ப வரும்?"

அக்காவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அடுத்த நாள் போனோடு வந்து, செல்லம்மா அக்காவின் வீட்டுப் படியில் உட்கார்ந்து புளொக்கைத் திறந்து காட்டினார். அதில் எங்கள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் இருந்தது. குழாய்க்குக் கீழே பதினேழு வாளி வரிசையாக இருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

"இது என் வாளி" என்றார் செல்லம்மா அக்கா. "மூணாவது. கைப்புடி ஒடைஞ்சது."

"ஆமாங்க. உங்களுது தான்."

"மூஞ்சியைப் போடாம வாளியைப் போட்டிருக்க?"

"மூஞ்சியைப் போட்டா உங்களைப் பார்ப்பாங்க. வாளியைப் போட்டா தண்ணியைப் பார்ப்பாங்க."

அக்கா அதிகம் பேசமாட்டார். அன்று அதுதான் பேசினார்.

ஒரு பதிவுக்கு எழுத்து மூன்று பந்தி. ஒரு படம். அதற்கு மேல் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி: எந்த இடம், எந்தக் கிழமை, என்ன தெரிகிறது. படத்தை எப்போதும் சின்னதாக்கித் தான் போடுவார். "பெரிய படம் தொறக்குறதுக்குள்ள லயத்து ஆள் ரீலோட் பண்ணின டேட்டா முடிஞ்சு போயிரும்" என்பார். முகம் தெரியும் படம் என்றால் முகத்துக்குச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்பார். போனில் கேட்கமாட்டார். நேரில் போவார். ஒரு படத்துக்காக என் ஆட்டோவில் வத்தேகம வரை போனோம். அந்த ஆள் வேண்டாம் என்றார். சரி என்று திரும்பி வந்தோம். வழியில் ஒரு தேத்தண்ணி குடித்தோம். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

டவுனில் பொடியன்மார் கேலி பண்ணுவார்கள்.

"அக்கா, அழகா ஒரு படம் போடுங்க. மலை, பனி, கொழுந்து பறிக்கிற பொண்ணு சிரிக்கிற மாதிரி."

"அது தேத்தூள் பெட்டியில இருக்கு. போய்ப் பாருங்க."

கோயில் திருவிழாவுக்கும் ஒரு பதிவு போட்டார். தலைவருக்கு மாலை போட்ட படம் வரும் என்று கமிட்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். அக்கா வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் போட்டார். மலை மாதிரி செருப்பு. தலைவர் கடைக்கே வந்துவிட்டார்.

"என் மூஞ்சி இல்லாம என்ன திருவிழா?"

"எவ்வளவு கூட்டம்னு தெரியணும்ல, ஐயா. நீங்க ஒரு ஆள் தானே."

தலைவர் படியிறங்கினார். போய்விட்டார். அந்தப் படத்தில் முன்னால் ஒரு நீலச் செருப்பு. வார் அறுந்து ஊசி குத்தியிருக்கும். அது என்னுடையது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பல தடவை பார்த்தேன். வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். என் செருப்பை.

போலீஸ் வந்துபோன அடுத்த சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு அக்கா லயத்துக்கு வந்தார். எட்டு மணி தான் வேண்டும் என்றார். அப்போது வெயில் சரிந்து விழும், வெடிப்பின் ஆழம் தெரியும். பத்து மணிக்கு வந்தால் வெறும் கோடு தான் தெரியும். நிற்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்துச் சுண்ணாம்பு அடித்தார். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைத்தார்.

முதலில் ஒரு தீப்பெட்டியை வெடிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சரிவரவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்தில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். அதையும் எடுத்துவிட்டார்.

"நம்பரை யாரும் பார்க்கமாட்டாங்க. தம்பி, அந்தச் செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினேன். வலது கால். வெடிப்பின் குறுக்கே வைத்தார். இரண்டு பக்கமும் செருப்பின் பெரும்பகுதி நிலத்தில் இருந்தது. நடுவில் இரண்டு விரல் தான் வெறுமை.

செல்லம்மா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பொறந்ததுல இருந்து செருப்பே கெடையாது. நீ செருப்பைப் படம் புடிக்கிற."

"உங்க காலை வைக்கிறீங்களா?"

"ஐயோ, வேணாம்."

படத்தில் கொய்யா மரமும் ஒரு ஓரத்தில் வரும்படி பார்த்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "இடம் மாறலன்னு தெரியணும். அசையாத ஒண்ணு படத்துல இருக்கணும்" என்றார்.

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டு மணி. அதே கல். அதே கூடை. அதே செருப்பு. நான் அந்தச் செருப்பைக் கழுவிக்கொண்டு போவேன். என் மனைவி சிரிப்பாள். "கல்யாணத்துக்குக் கூட இப்படிக் கழுவல." சனிக்கிழமை காலை ஆட்டோவுக்கு நல்ல ஹயர் கிடைக்கும் நேரம். நான் போகவில்லை. செருப்பு இல்லாமல் படம் இல்லை.

மூன்றாவது வாரம் வெடிப்பு நான்கு விரல். வாராவாரம் படம் புளொக்கில் வந்தும் அரசாங்க ஆட்கள் யாரும் வரவில்லை. நானே அக்காவிடம் சொன்னேன்.

"இது பார்க்கச் சின்னதா இருக்குக்கா. நெட்டுல பெரிய வெடிப்பு எவ்வளவோ இருக்கு. பஸ்ஸே உள்ள போற மாதிரி. அதுல ஒண்ணை எடுத்துப் போட்டா ஓடி வருவாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். என் போனை வாங்கினார். நான் எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இந்த மண்ணு என்ன நிறம் தம்பி?"

"மஞ்சள்."

"நம்ம மண்ணு?"

"செவப்பு."

"ஒருத்தன் கண்டுபிடிச்சா போதும். அப்புறம் நம்ம செவப்பு மண்ணையும் நம்பமாட்டான். ஐம்பத்தொரு பேர் அந்த நம்பிக்கை மேல தான் படுத்திருக்காங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் படத்தை அழித்தேன். அன்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் பெருமையாகத் தான் இருக்கிறது. அப்படி ஒருவரோடு நின்றேன்.

கணக்கப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அந்தப் பொம்பள போன்ல எடிட் பண்றா. லயத்தைக் காலி பண்ணினா தோட்டத்துக்குத் தான் கெட்ட பேரு." அக்காவின் கடைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். தோட்டத்து ஆபீஸ் போட்டோகொப்பி எல்லாம் வேறு கடைக்குப் போயிற்று. ஆனாலும் அக்கா சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்தார்.

ஏழாவது சனிக்கிழமை. முந்தின நாள் முழுக்க மழை. நான் செருப்பைக் குறுக்கே வைத்தேன். முனை இரண்டும் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அக்கா கூடையில் போனை வைத்துக் குனிந்தார். செருப்பு மெதுவாகச் சரிந்தது. உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

நான் மண்டியிட்டுக் கையை விட்டேன்.

"எடுக்காதீங்க தம்பி. தள்ளி வாங்க."

"என் செருப்புக்கா."

"தள்ளி வாங்கங்கிறேன்."

அக்கா சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவை தான். தள்ளி வந்தேன். அவர் படம் எடுத்தார். செருப்பு இல்லாத வெடிப்பு.

ஒற்றைச் செருப்போடு ஆட்டோவை ஓட்டிக் கடைக்குப் போனோம். அக்கா கம்ப்யூட்டரில் ஏழு படத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தார். ஒரு பதிவுக்கு ஒரு படம் என்ற சட்டத்தை அன்று தான் மீறினார். எழுத்து மூன்று பந்தி கூட இல்லை. தமிழில் ஒரு வரி. இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த சொல்லை வைத்துச் சிங்களத்தில் ஒரு வரி.

படங்களை மேலிருந்து கீழே உருட்டினார். திரும்ப மேலே போனார். நின்றார்.

"தம்பி. கொய்யா மரத்தைப் பாருங்க."

பார்த்தேன். முதல் படத்தில் மரம் நேராக நின்றது. நான்காவதில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஏழாவதில் லயத்துக் கூரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அசையாத ஒன்று வேண்டும் என்று அக்கா படத்தில் வைத்த மரம். நாங்கள் தினமும் அதன் கீழே தான் நடந்தோம். ஒருவரும் பார்க்கவில்லை.

பதிவைப் போட்டார். இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். அரை மணியில் அவர் போன் பண்ணினார். மரத்தைப் பற்றித் தான் கேட்டார். மண்சரிவு பார்க்கிறவர்களிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். கம்பியும் கருவியும் கொண்டுவந்து நிலத்தைக் குத்திப் பார்த்தார்கள். அவர்களில் பெரியவர் அக்காவின் படங்களைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கணக்கப்பிள்ளை, "அது பழைய வெடிப்பு சேர்" என்று தொடங்கினார். பெரியவர் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தார். கணக்கப்பிள்ளை முதல் படத்தைப் பார்த்தார். ஏழாவது படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். தாளை மடித்துக் கொடுத்தார். புதன்கிழமை சாமான் ஏற்றத் தோட்டத்து லொறியை அவர் தான் அனுப்பினார். அதையும் சொல்ல வேண்டும்.

எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. செல்லம்மா அக்கா மட்டும் மறுத்தார்.

"நாப்பது வருஷமா இங்க தான் கெடக்குறேன். மலை எனக்குத் தெரியும். கோழியை யாரு பார்ப்பா?"

நான் சொன்னேன். கேட்கவில்லை. அந்த ஆபீஸ் ஆட்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. அக்கா வந்தார். படங்களைத் திறந்து போனைக் கொடுத்தார். செல்லம்மா அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது யாரு மரம்?"

"உங்களுது."

"என் மரமா இது?"

"ஆமாங்க."

"நேத்து கூட காய் பறிச்சேனே."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கோழியைப் பிடித்துச் சாக்கில் போட்டார். லொறியில் முதலில் ஏறியவர் அவர் தான்.

அக்கா இப்போது கலஹாவில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மன்னாருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. புளொக் இருக்கிறது. திறந்தால் வருகிறது. எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மூன்று பந்தியில் முடிக்கும் கை எனக்கு இல்லை. அதனால் தான் இது இவ்வளவு நீளம்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மலை இறங்கியது. பகல் ஒரு மணி. மழையால் தோட்டத்தில் வேலை இல்லை. சோற்று நேரம். நாங்கள் எல்லோரும் அந்தப் பன்னிரண்டு வீட்டில் இருந்திருக்க வேண்டிய நேரம். பள்ளிக்கூடத்தில் இருந்து சத்தம் கேட்டோம். ஓடிப்போய்ப் பார்த்தபோது லயம் இல்லை. செவப்பு மண் தான் இருந்தது. கொய்யா மரத்தின் வேர் மேலே நின்றது.

டவுன் பாதையிலும் மண் விழுந்திருந்தது. அக்காவால் வர முடியவில்லை. போன் பண்ணினார்.

"தம்பி, எல்லாரும்?"

"எல்லாரும் ஸ்கூல்ல தான்க்கா."

"இன்னைக்குப் படம் நீங்க தான். ஒண்ணே ஒண்ணு. ஆளை எண்ணியும் சொல்லுங்க."

சுற்றிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு போனோடு மண்ணைப் படம் எடுத்தார்கள். அழுகிற பெண்களை எடுத்தார்கள். எனக்கும் கை அங்கே போயிற்று. பிறகு நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்து ஆட்கள் எல்லோரும் ஹோலுக்குள் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு. சேற்றுச் செருப்பு, பிள்ளைகளின் சின்னச் செருப்பு, மழைச் சப்பாத்து. வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைத்தேன். ஒரு தடவை தான் எடுத்தேன். அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"நல்ல படம் தம்பி."

அக்கா யாருடைய படத்தையும் நல்ல படம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"உங்க நீலச் செருப்பைக் காணோமே?"

"அது மண்ணுக்குள்ளக்கா. புதுசு இன்னும் வாங்கல."

"சரி. எண்ணினதைச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

சொன்னேன்.

வாசலில் செருப்பு நாற்பத்தாறு ஜோடி. கைக்குழந்தை மூன்று. வெறுங்காலில் செல்லம்மா அக்கா. வெறுங்காலில் நான்.

ஐம்பத்தொன்று.